மிலிக்கு நான் கொடுத்த தீர்த்தம்

1

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தங்கை ஒரு பத்திரிகைப் பக்கத்தைக் கத்தரித்து அனுப்பியிருந்தாள். வெளியூரில் போய்க் குடியிருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று அதில் போட்டிருந்தது. ஓரத்தில் அவள் பேனாவால், "அக்கா, நீ என்ன வேலை பாக்கேன்னு கேக்கிறவங்களுக்கு எனக்குச் சொல்லத் தெரியல. நீயே எழுதிரு" என்று எழுதியிருந்தாள். அந்தக் காகிதம் இரண்டு மாதமாகச் சாமி அலமாரியில் கிடந்தது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கடிதம் எழுதுவேன், கோலப் புத்தகத்தில் புள்ளிக் கணக்கு எழுதி வைப்பேன், அவ்வளவுதான்.

நேற்று நடந்த ஒன்றால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் காப்பு இல்லத்தில் மூன்று பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். பொறுப்பாளர் ஷிப்ராதி (தீதி என்றால் இங்கே அக்கா) அவர்களை என் முன்னால் உட்கார வைத்து, "ஜானகி, மிலி விஷயத்தை இவங்களுக்குச் சொல்லு. நான் சொன்னா பாடம் மாதிரி இருக்கும். நீ சொல்லு" என்றார். எனக்குத் தெரிந்த பெங்காலியில் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒரு பெண் அழுதாள், ஒருத்தி நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, வீட்டில் சொன்னதைத் தவிர இதைத் தமிழில் நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தங்கையிடம்கூட. பெருமாளுக்குத் தெரியும்.

படிக்கிற நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க் வேலை. கல்யாணமான கையோடு கல்கத்தா வந்தோம். இப்போது ஊர் பெயரை மாற்றிக் கொல்கத்தா என்கிறார்கள், எனக்கு வாயில் கல்கத்தாதான் வருகிறது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். காலையில் இறங்கினால் வாழையிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். கொஞ்ச தூரத்தில் நம் பெருமாள் கோயிலும் உண்டு. அதனால் ஊரை விட்டு வந்த ஏக்கம் என்று பெரிதாக எனக்கு இருந்ததில்லை. ஏக்கம் எல்லாம் வீட்டுக்குள்தான். எங்களுக்கு ஒரே பெண், பெயர் வைதேகி. பள்ளியில் மிட்டு என்பார்கள். நாளாக நாளாக அவளும் மிட்டுவாகவே ஆகிவிட்டாள். தமிழில் ஏதாவது கேட்டால் பெங்காலியில் பதில் வரும். சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு சிநேகிதிகளோடு போவாள், மார்கழிக் கோலத்துக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள்.

அவள் ஏழாவது படிக்கும்போது நான் டாலிகஞ்ச்சில் உள்ள இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சினிமா ஸ்டூடியோவைத் தாண்டி, ஒரு குளத்துக்குப் பக்கத்தில் பழைய மாடி வீடு. பதினெட்டுப் பேர் அங்கேயே தங்கியிருந்தார்கள். சின்னவனுக்கு ஏழு வயது, பெரியவருக்கு நாற்பத்தொன்று. உட்கார முடியாதவர்கள், பேச்சு வராதவர்கள், அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள். சிலருக்கு எல்லாமும் சேர்ந்தே இருக்கும். ஊரில் நான் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை. இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஏதோ ஒரு வீட்டின் உள்ளறையில் இருந்திருப்பார்கள்.

மிலிக்கு அப்போது இருபத்தாறு வயது. கை கால் எதுவும் சொன்னபடி கேட்காது, தலை ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும். பேச்சு கிடையாது. ஆனால் புத்தி எங்களையெல்லாம் விடத் தீட்சண்யம். சரி என்றால் கண்ணை மேலே உயர்த்துவாள். வேண்டாம் என்றால் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புவாள். இந்த இரண்டை வைத்துக்கொண்டே எந்தச் சட்டை, எந்த ஜன்னல், யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எல்லாம் தானே முடிவு செய்வாள்.

ஒரு தடவை அவளுக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்க அரசாங்க ஆபீசுக்குப் போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "பேஷன்ட் நேரில் வரணும்" என்று சொல்லிவிட்டார்கள். நானும் லொக்கியும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினோம். லொக்கி என்னோடு வேலை பார்ப்பவள். லக்ஷ்மி என்பதுதான் இங்கே லொக்கி. கானிங்கிலிருந்து லோக்கல் ரயிலில் வருவாள். வாய் துடுக்கு, கை வேகம். அந்த ஆபீஸ்காரர் மிலியைப் பார்த்து, "நீதான் மிலியா?" என்று கேட்டார். மிலி கண்ணை மேலே உயர்த்தினாள். அவரும் மேலே பார்த்தார். அங்கே மின்விசிறிதான் இருந்தது.

"பதில் சொல்லவில்லைன்னு எழுதிக்கவா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டா பாபு. நீங்கதான் ஃபேனைப் பாத்துட்டிருக்கீங்க" என்றாள் லொக்கி. மிலி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

3

மிலிக்கு விழுங்குவதில்தான் கஷ்டம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நாம் தண்ணீர் குடித்தால் அது நேரே வயிற்றுக்குப் போகிறது. அவளுக்கு அந்த வழி சரியாகத் திறந்து மூடாது. தண்ணீர், டீ, பருப்புத் தண்ணீர் போல ஓடுகிற எதுவும் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும், பல சமயம் இருமலும் வராது. அதனால் எல்லாமே கூழ் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் கொடுப்பதானாலும் மாவு போட்டுக் காய்ச்சி, கரண்டியைச் சாய்த்தால் பொத்தென்று விழுகிற பதத்துக்கு ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். நேராக உட்கார வைக்க வேண்டும். தாடைக்குக் கீழே கை கொடுத்துத் தாங்க வேண்டும். ஒரு வாய் இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இதையெல்லாம் எனக்கு ஷிப்ராதி கற்றுக்கொடுத்தார். பிறகு நான் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். "தமிழ்க்காரி கஞ்சி காய்ச்சினா பதம் தப்பாது" என்று பெயர் வாங்கியிருந்தேன். மிலியும் என் கையால் சாப்பிடுவதையே விரும்புவாள். லொக்கி கரண்டியோடு வந்தால் என் பக்கம் கண்ணைத் திருப்பிக் காட்டுவாள். "ஓகோ, மகாராணிக்கு மத்ராஸ் சமையல்காரிதான் வேணுமாக்கும்" என்று லொக்கி கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.

அந்த மார்கழியில் மிலிக்கு வலிப்பு அதிகமானது. நாலு நாளில் ஏழு தடவை. மருந்தை மாற்றினார்கள், அப்படியும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அது விட்ட பிறகு அவள் எங்களைத் தேடுகிற பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. அந்த வாரம்தான் வைகுண்ட ஏகாதசி வந்தது.

விடியுமுன் குளித்துக் கோயிலுக்குப் போனேன். கல்கத்தாக் குளிரில் பல் கிட்டியது. சேவித்துவிட்டு, பட்டரிடம் ஒரு சின்னக் குப்பியில் தீர்த்தம் வாங்கிக்கொண்டேன். துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்ட தீர்த்தம். வீட்டுக்கு என்றுதான் வாங்கினேன். ஆனால் வீட்டுக்குப் போகாமல் நேரே மெட்ரோ ஏறி டாலிகஞ்ச் போனேன்.

பத்தரை மணி இருக்கும். லொக்கி குளியலறையில் இன்னொரு பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மிலி ஜன்னல் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நான் குப்பியைக் காட்டி, "மிலி, எங்க பெருமாள் தீர்த்தம். உனக்கு நல்லாயிரும். வேணுமா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணை மேலே உயர்த்தினாள்.

மருந்துக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தேன். தீர்த்தம் மூன்று தடவை வாங்குவதுதானே வழக்கம். மூன்று தடவை கொடுத்தேன். கடைசிக் கரண்டியில் ஒரு துளசி இலையும் இருந்தது.

மூன்று வருடமாகப் பருப்புத் தண்ணீரைக்கூட அவள் பக்கம் விடாதவள் நான். மற்றவர்கள் மறந்துபோய் டம்ளரைக் கொண்டுவந்தால் தட்டிவிட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்குத் தண்ணீராகவே தோன்றவில்லை. இது சாக்கு இல்லை. எப்படி நடந்தது என்று ஷிப்ராதி கேட்டார், மிலியின் அம்மா கேட்டார், நானே என்னை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. தீர்த்தம் கெடுதல் செய்யும் என்று யோசிக்க எனக்கு மனசே இல்லை.

மிலி இருமவில்லை. கண்ணில் மட்டும் நீர் கட்டியது. பக்தியில் வந்த கண்ணீர் என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டேன்.

4

இரண்டு மணிக்கு அவள் உடம்பு சுட்டது. மூன்று மணிக்கு மூச்சு வேகமானது. நெஞ்சுக்கூட்டின் ஓரம் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. நாலு மணிக்கு வழக்கமாக வரும் டாக்டர் பார்த்துவிட்டு, "குளிருக்கு எல்லா வீட்டிலும் சளிதான்" என்று சொல்லி, காய்ச்சல் மருந்து எழுதிக்கொடுத்தார். ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போலக் கஞ்சி, அதற்குப் பிறகு மருந்து, காலையில் குறையாவிட்டால் சொல்லி அனுப்புங்கள் என்றார்.

அவர் போன பிறகு ஷிப்ராதி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "மத்தியானச் சாப்பாடு யார் கொடுத்தது?"

"நான்தான். இவளுக்கு இன்னிக்கு ஏகாதசி, பட்டினி. தலை சுத்துதுன்னு சொன்னா, நான் கொடுத்தேன்" என்றாள் லொக்கி.

"பதம் சரியா இருந்ததா? அவசரப்பட்டியா?"

"இல்ல தீதி."

"உன் அவசரம் எனக்குத் தெரியும் லொக்கி. போன மாசம் ரயிலுக்கு நேரமாச்சுன்னு பதினைஞ்சு நிமிஷத்துல முடிச்சவதானே நீ? இது சளி இல்லைன்னு எனக்குத் தோணுது. ஏதாவது உள்ள போயிருந்தா, கமிட்டி முன்னால நீதான் பதில் சொல்லணும்."

லொக்கி என்னைப் பார்த்தாள். "ஜானகி, நீ பாத்தேல்ல? கட்டியாத்தானே இருந்தது? சொல்லேன்."

"கட்டியாத்தான் இருந்தது" என்றேன். அது உண்மை. அதற்கு மேல் என் வாய் திறக்கவில்லை. முந்தானைக்குள் இடுப்பில் குப்பி உறுத்திக்கொண்டே இருந்தது. ஷிப்ராதி இன்னும் ஒரு தடவை கேட்டார், "வேற யாராவது, வேற எதாவது கொடுத்தீங்களா?" நான் தரையைப் பார்த்தேன்.

ஐந்தரைக்கு என் நேரம் முடிந்து கிளம்பினேன். லொக்கி ரயிலை விட்டுவிட்டு மிலியோடு இருந்துகொள்வதாகச் சொன்னாள். யார் மேல் பழி விழுந்ததோ, அவள் இருந்தாள். நான் படியிறங்கினேன்.

5

வீட்டில் விளக்கேற்ற நின்றேன். ஏகாதசி நாள். நாமம் சொல்ல வேண்டும். தீக்குச்சி கையைச் சுட்டது, வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரு நாளும் எனக்கு அப்படி ஆனதில்லை.

"ஏட்டி, என்னாச்சு? பட்டினியா இருந்து மயக்கம் வருதா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

நின்றபடியே சொன்னேன். முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. பிறகு மெதுவாக, "யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப பேசாம இரு. டாக்டர் பாத்துட்டாரு, சளின்னுட்டாரு. நீ போய் வாயைக் கொடுத்தா, நாளைக்குப் போலீஸ் கேஸ்னு வந்தா யாரு நிப்பா? நம்ம மனுசங்க இங்க யாரு இருக்கா? பெருமாள் தீர்த்தம் யாரையும் கொல்லாது."

கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர். நானும் பயந்தவள்தான். அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

மிட்டு படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், வழக்கம்போலப் பெங்காலியில்தான் கேட்டாள். "மா, அந்த மிலி தீதிக்கு ராத்திரி சாப்பாடு கொடுப்பாங்களா?"

"எட்டு மணிக்குக் கஞ்சி."

"மூச்சு வாங்கும்போது எப்படி விழுங்குவா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு அடிக்கப் பத்து நிமிஷம். அந்தக் கேள்வியை நான்தான் கேட்டிருக்க வேண்டும், இந்த வேலையைச் செய்கிறவள் நான். மூச்சு இழுக்கிறவளுக்குக் கூழ் கொடுத்தால் அதுவும் உள்ளே போகும். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் போயிருக்கிறது என்று தெரியாமல்தான் டாக்டர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தெரிந்தவள் நான் ஒருத்தி, இங்கே விளக்குக்கு முன்னால் நிற்கிறேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மிட்டுவும் கூடவே வந்தாள். "ஜானகி!" என்று அவர் மாடியிலிருந்து கூப்பிட்டது கேட்டது. தெருமுனை டெலிபோன் பூத்தில் ஏற்கெனவே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கையைக் கூப்பி ரிசீவரை வாங்கி இல்லத்து நம்பரைச் சுழற்றினேன். மணி அடிக்கவில்லை, ஒரு இரைச்சல்தான். மறுபடி சுழற்றினேன், மறுபடி அதே இரைச்சல். ரோடு தோண்டினால் அந்தப் பக்கத்து லைன் எப்போதும் செத்துப்போகும்.

"மெட்ரோல போயிரலாம் மா" என்றாள் மிட்டு.

காளிகாட் ஸ்டேஷனுக்கு ஓடினோம். லேக் மார்க்கெட் கடைகளில் ஜனங்கள் ஏகாதசிக்குப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தெரிந்த மாமி ஒருத்தி, "என்ன ஜானகி, கோயிலுக்கா?" என்று கேட்டாள். நிற்கவில்லை. இரண்டே ஸ்டேஷன்தான். நடுவில் ரவீந்திர சரோபரில் வண்டி கதவைத் திறந்துகொண்டு நின்றது நின்றபடியே இருந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எதிரே ஒருவர் நிதானமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எத்தனை உரித்தார் என்று இன்றைக்கும் சொல்வேன், அவ்வளவு நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு மூடியபோது ஏழே முக்கால்.

டாலிகஞ்ச்சில் இறங்கி ஆட்டோ கிடைக்காமல் ஓடினோம். ஸ்டூடியோ வாசலில் ஏதோ படத்துக்குக் கூட்டம். "ஷோருன் ஷோருன், வழி விடுங்க" என்று மிட்டு கத்திக்கொண்டே முன்னால் போனாள்.

இல்லத்தின் உள்ளறைக் கதவைத் தள்ளியபோது மிலியை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. லொக்கியின் இடது கை தாடைக்குக் கீழே, வலது கையில் கரண்டி. கரண்டி வாய்க்கு ஒரு சாண் தூரத்தில்.

"கொடுக்காதே! கொடுக்காதே லொக்கி!" என்று கத்தினேன்.

தமிழில் கத்தினேன். இத்தனை வருடம் பேசிய பெங்காலி ஒரு சொல்கூட வரவில்லை. லொக்கி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி மிலியின் பக்கம் திரும்பினாள். மிட்டு பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கஞ்சி தரையில் விழுந்தது.

ஷிப்ராதி ஓடி வந்தார். "என்ன நடக்குது இங்க? யார் இந்தப் பொண்ணு?"

"நான் ஜானகியோட மகள். அம்மா காலையில இவங்களுக்குத் தண்ணி கொடுத்திருக்காங்க. மாவு போடாத தண்ணி. மூணு கரண்டி. ஒரு இலையும் போயிருக்கு. பத்தரை மணிக்கு." இதையெல்லாம் மிட்டு நல்ல பெங்காலியில், ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னாள்.

நான் அவள் கையைப் பிடித்து, "தண்ணின்னு சொல்லாதே, தீர்த்தம்னு சொல்லு" என்றேன். அந்த நேரத்திலும் என் புத்தி அதில் நின்றது. அவள் திரும்பி, "மா, டாக்டருக்குத் தண்ணின்னுதான் தெரியணும்" என்று சொன்னாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் கலக்காமல் பேசிய தமிழ்.

ஷிப்ராதி என்னைத் திட்டவில்லை. நேரமில்லை. "டாக்ஸி பிடி" என்றார்.

6

பாலிகஞ்ச் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் வெள்ளையாக இருக்கிறது என்று படத்தைக் காட்டிச் சொன்னார்கள். குழாய் விட்டு உறிஞ்சினார்கள், வேறு மருந்து ஏற்றினார்கள். வாய்வழியாக ஒரு சொட்டும் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் அட்டை மாட்டினார்கள். "எட்டு மணிச் சாப்பாடும் போயிருந்தா எங்ககிட்டக் கொண்டுவந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்று அங்கிருந்த டாக்டரம்மா ஷிப்ராதியிடம் சொன்னார். மத்தியானமே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொன்னார். இரண்டையும் நான் கேட்டேன்.

மிலியின் அம்மா ரிட்டயரான டீச்சர். புருஷன் இல்லை. வந்தவர் மகளைப் பார்த்துவிட்டு வெளியே என்னிடம் வந்தார். நான் காலில் விழப் போனேன். நகர்ந்துகொண்டார்.

"உங்க பெருமாள் உன்கிட்டக் கேட்டாரா, மிலிக்குக் கொடுன்னு?"

அவரே தொடர்ந்தார்.

"அவளுக்குத் தெரியாதா ஜானகி, தண்ணி தன்னை என்ன பண்ணும்னு? இத்தனை வருஷமா தெரியும். நீ கேட்டதால சரின்னு சொல்லியிருக்கா. நீ கேட்டதால."

அந்த வார்த்தை என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. நீ கேட்டதால.

ஐந்து நாள் அவள் பிழைப்பாளா என்பதே தெரியவில்லை. விடுமுறை எடுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் மறுநாள் டிபன் கேரியரோடு வந்தார். போலீஸ் என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் மிலியின் அம்மா வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வரேன். அவ பக்கத்துல இரு. எச்சில் சேர்ந்தா சிஸ்டரைக் கூப்பிடு" என்றார். இரண்டு மணி நேரம் கண் இமைக்காமல் இருந்தேன். பதினோராம் நாள் மிலியை இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

இல்லத்தில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, யார் யார் இருந்தார்கள் என்று இங்கிலீஷில் கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டமும் இரண்டு விரற்கடை. "உன் பாஷையில எழுது" என்றார் ஷிப்ராதி. நாலு பக்கம் தமிழில் எழுதினேன். வீட்டில் நான் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுத்திருந்த மிட்டு அதை பெங்காலியில் வாசித்தாள், ஷிப்ராதி இங்கிலீஷில் எழுதினார். "சாயங்காலம் கேட்டபோது ஏன் சொல்லவில்லை" என்ற இடம் வந்தபோது மிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நான் எழுதியிருந்தபடியே வாசித்தாள்: பயந்தேன், லொக்கி மேல் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

லொக்கி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. மூன்று மாதம் யாருக்கும் உணவு கொடுக்கக் கூடாது, துணி துவைப்பதும் குளிப்பாட்டுவதும் மட்டும் என்று கமிட்டியில் எழுதினார்கள். லொக்கி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் "ஏகாதசி மாஷி", அதாவது ஏகாதசிச் சித்தி, என்று பெயர் வைத்தாள். "ஏகாதசி மாஷி, இந்த பக்கெட்டை எடு. ஏகாதசி மாஷி, உன் சாமிகிட்டச் சொல்லு, சோப்புப் போட்டா நுரை வரலைன்னு." எல்லோர் முன்னாலும் சொல்வாள். எனக்கு அது வேண்டியதுதான். ஒரு நாள் துணி பிழியும்போது மட்டும் தணிந்த குரலில் கேட்டாள், "நாலு மணி நேரம் பழியை என் மேல விட்டுட்டு இருந்தியே, ஜானகி. நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?" துணியின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றேன்.

கோயிலுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. பெருமாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பேரைச் சொல்லி நான் செய்ததுதான் குறை. தீர்த்தம் வாங்குகிறேன், என் கைக்கு, என் வாய்க்கு.

7

பங்குனியில் மறுபடி கரண்டியை என் கையில் கொடுத்தார்கள். ஷிப்ராதி பக்கத்தில் நின்றார். பதம் பார்த்தேன், சூடு பார்த்தேன், மிலியின் எதிரே உட்கார்ந்தேன்.

"மிலி, சாப்பிடலாமா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதட்டை இறுக்கினாள். முகத்தைத் திருப்பினாள்.

கோபமாகத் திருப்பவில்லை. நிதானமாகத் திருப்பினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். "கொஞ்சம் பேசிப் பாக்கட்டுமா தீதி?" என்றேன்.

"என்ன பேசுவ? அவ சொல்லிட்டா. வேண்டாம்னா வேண்டாம். புத்தகத்துல எழுது" என்றார் ஷிப்ராதி.

தினமும் கவனிப்புப் புத்தகத்தில் என் கோணல் பெங்காலி எழுத்தில் எழுதினேன்: மிலி இன்று ஜானகி கையால் சாப்பிட மறுத்தாள். ஒன்பது நாள் எழுதினேன். ஒன்பதாம் நாள் யாரும் இல்லாதபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். தமிழ் அவளுக்குப் புரியுமா என்று தெரியாது, எனக்கு அதில்தான் வரும். "தப்பு என்னோடது மிலி. நீ சரின்னு சொன்னது தப்பில்லை. இனிமே நீ வேண்டாம்னு சொன்னா நான் வருத்தப்பட மாட்டேன்." அவள் கண்ணை உயர்த்தவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் லொக்கி கரண்டியை எடுத்தாள். அன்றைக்கு அவள் இடது கையில் கொப்புளம், வெந்நீர் பட்டது. தாடையைத் தாங்க முடியவில்லை. "ஏய் ஏகாதசி, சும்மா தூண் மாதிரி நிக்காதே. பின்னால வந்து பிடி" என்றாள். மிலியிடம், "இவ தாடையைப் பிடிக்கட்டுமா? கரண்டி என் கையிலதான் இருக்கும். சம்மதமா?" என்று கேட்டாள்.

மிலி யோசித்தாள். பிறகு கண்ணை மேலே உயர்த்தினாள்.

லொக்கியின் கொப்புளம் ஆறி எத்தனையோ வருடம் ஆகிறது. நான் இப்போதும் பின்னால்தான் நிற்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிறேன். மிலி அன்றிலிருந்து இன்றுவரை என் கரண்டியில் ஒரு வாய் வாங்கியதில்லை. காலையிலும் மத்தியானத்திலும் அவள் தாடை மட்டும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கஞ்சி நாக்கைத் தாண்டுவது, தொண்டை ஒரு தரம் மேலே ஏறி இறங்குவது எல்லாம் கையிலேயே தெரியும். "இறங்கிடுச்சு" என்று நான் சொல்ல வேண்டும். சொல்கிறவரை லொக்கி கரண்டியை எடுக்க மாட்டாள்.